சொல் தெளிவு: வெட்கம், கூச்சம், தயக்கம்… ஆங்கிலத்தில் எதற்கு எது?

சிங்கப்பூர் வேலைக்கான நேர்காணலில் ‘ஐ ஆம் அஷேம்ட் டு ஸ்பீக் இங்கிலிஷ்’ என்றேன். கேட்டவர் முகம் மாறிவிட்டது. வெட்கமாக இருக்கிறது என்றுதானே சொன்னேன்?
– வாசகர், ரங்கூன்

‘அஷேம்ட்’ என்பது செய்த தவற்றுக்குத் தலைகுனிவது. நீங்கள் சொன்னது ‘ஆங்கிலம் பேசுவது எனக்கு அவமானம்’ என்று அவர் காதில் விழுந்திருக்கும்.

இந்தக் குழப்பம் நம் வீட்டிலிருந்தே வருகிறது. ‘பிள்ளை வெட்கப்படுது’ என்கிறோம். திருடியவனைப் பார்த்து ‘வெட்கமாயில்லையா?’ என்றும் கேட்கிறோம். பர்மியச் சொல் ‘ஷெட்டெ’யும் இரண்டு பக்கமும் பேசும். இரண்டு மொழியிலும் ஒரே சொல்லாக இருப்பதால் நம் பிள்ளைகள் ஆங்கிலத்திலும் ஒன்றைத்தான் தேடுகிறார்கள். வேறுபாடு தமிழுக்குப் புதிதல்ல. குறளில் ‘நாணுடைமை’ அதிகாரத்தின் முதல் குறளே, தகாத செயலுக்கு நாணுவது வேறு, பெண்களின் இயல்பான நாணம் வேறு என்று பிரிக்கிறது. முதலாவது ‘அஷேம்ட்’, இரண்டாவது ‘ஷை’ பக்கம் வரும்.

நடுவில் ‘எம்பாரஸ்ட்’ நிற்கிறது. டீக்கடையில் எழும்போது நாலு பேர் முன்னால் லுங்கி அவிழ்ந்தால் ‘எம்பாரஸ்ட்’. கடைக்காரர் தவறுதலாகக் கூடுதல் சில்லறை கொடுத்ததைத் தெரிந்தே பையில் போட்டுக்கொண்டு, பிறகு மனம் உறுத்தினால் ‘அஷேம்ட்’.

‘ஐ ஆம் எ லிட்டில் ஷை அபௌட் ஸ்பீக்கிங் இங்கிலிஷ்’ என்றால் பிழையில்லை. ‘அபௌட்’ வந்தால் அடுத்த வினை ‘இங்’ சேர்ந்து வரவேண்டும். ஆனால் நேர்காணலில் அதையும் சொல்ல வேண்டாம். ‘ஐ அண்டர்ஸ்டாண்ட் வெல், பட் ஐ ஸ்பீக் ஸ்லோலி’ என்பது உண்மையும் ஆகும், உங்களைக் குறைத்தும் காட்டாது.

மகனின் அறிக்கையில் போன ஆண்டு ‘டிமிட்’, இந்த ஆண்டு ‘ரிசர்வ்ட்’ என்று ஆசிரியை எழுதியிருக்கிறார். இரண்டும் குறைதானா?
– ஒரு தாய், பெகு

முதலாவது கவனிக்க வேண்டியது. இரண்டாவது குறையே அல்ல, சொல்லப்போனால் முன்னேற்றம்.

‘டிமிட்’ என்பதன் வேர் ‘அஞ்சுதல்’ என்ற லத்தீன் வினை. உள்ளே இருப்பது பயம். ‘ரிசர்வ்ட்’ என்பதை ரயில் டிக்கெட்டோடு சேர்த்து நினைத்துக்கொள்ளுங்கள். இருக்கை இருக்கிறது, ஒதுக்கி வைக்கப்பட்டிருக்கிறது, அவ்வளவுதான். பேச்சு இருக்கிறது, பையன் எல்லாரிடமும் இறக்குவதில்லை.

வகுப்பில் ஆசிரியை கணக்குப் போடச் சொல்கிறார் என்று வையுங்கள். ஒருவன் விடையைச் சரியாக எழுதிவிட்டுக் கை தூக்காமல் இருக்கிறான்; கேட்டால் தெளிவாகச் சொல்கிறான். அவன் ‘ரிசர்வ்ட்’. இன்னொருவன் எழுதுகிறான், அழிக்கிறான், மறுபடி அதே விடையை எழுதிக் கையால் மறைக்கிறான். அவன் ‘டிஃபிடன்ட்’. ‘கான்ஃபிடன்ட்’ என்ற சொல்லும் இதுவும் ‘நம்புதல்’ என்ற ஒரே லத்தீன் வேரில் வந்தவை. இவனுக்குத் தன் மேலேயே நம்பிக்கை இல்லை. மூன்றாமவன் வெளியே போக அனுமதி கேட்கவும் குரல் நடுங்குகிறான். அவன்தான் ‘டிமிட்’. கூட்டாளிகளிடம் வாயாடிவிட்டுப் புது ஆள் வந்ததும் அடங்கிப்போகிறவன் ‘ஷை’.

வெளியிலிருந்து பார்த்தால் நால்வரும் ‘பேசாத பையன்’தான். மருந்து வேறு வேறு. ‘டிஃபிடன்ட்’ பிள்ளைக்கு, அழிக்கும் முன் எழுதியதும் சரிதான் என்று எடுத்துக் காட்ட வேண்டும். ‘டிமிட்’ பிள்ளையிடம் எதற்குப் பயம் என்று முதலில் விசாரியுங்கள். அதட்டினால் இன்னும் ஒடுங்குவான்.

‘ரெட்டிசென்ட்’ என்ற சொல்லையும் கேட்டிருப்பீர்கள். அது குறிப்பிட்ட விஷயத்தில் வாய் திறக்காதது: ‘ரெட்டிசென்ட் அபௌட் ஹிஸ் சாலரி’. ‘ஒரு காரியம் செய்யத் தயங்குவது’ என்ற பொருளிலும் இப்போது பலர் எழுதுகிறார்கள். தேர்வில் அதற்கு ‘ரிலக்டன்ட்’ என்று எழுதுவதே நல்லது.

மலேசியாவில் மாப்பிள்ளை வீட்டாருக்கு அனுப்பும் குறிப்பில் ‘கோய் அண்ட் ஹோம்லி கேர்ள்’ என்று எழுதலாமா?
– வாசகர், தட்டோன்

தயவுசெய்து இரண்டையும் எடுத்துவிடுங்கள். ‘கோய்’ என்றால் வெட்கப்படுவதுபோல் பாவனை செய்வது, அதுவும் பெரும்பாலும் ஆளைக் கவர. பெண்ணைப் பெற்றவர் எழுதும் சொல்லா அது? ‘ஹோம்லி’ அமெரிக்க ஆங்கிலத்தில் ‘அழகு குறைந்த’ என்று பொருள்படும். ‘ஜென்டில் அண்ட் சாஃப்ட்-ஸ்போக்கன்’ போதும். அலட்டாதவள் என்று சொல்ல ‘மாடஸ்ட்’ பொருந்தும்.

‘டூ மார்க்ஸ் ஷை ஆஃப் ஃபார்ட்டி’ – மதிப்பெண்ணுக்கு என்ன வெட்கம்?
– மாணவி, மோல்மேன்

40-க்கு இரண்டு குறைவு, அதாவது 38. ‘ஷை’ என்பது மிரண்டு ஒதுங்கும் குதிரைக்கும் சொல்லும் சொல். எட்டாமல் விலகி நிற்பது என்று பிடித்துக்கொள்ளுங்கள். ‘வொர்க்-ஷை’ என்பவனுக்கும் வெட்கம் கிடையாது, அவன் சோம்பேறி.

பர்மியச் சொல் ‘ஆநாடெ’க்கு ஆங்கிலத்தில் என்ன? ‘ஷை’ என்றுதான் சொல்லி வருகிறேன்.
– வாசகி, ரங்கூன்

ஒற்றைச் சொல் இல்லை. ‘ஷை’ நிச்சயம் இல்லை. ‘ஷை’யில் ஆள் தன்னை நினைத்துச் சுருங்குகிறார், ‘ஆநா’வில் எதிரில் இருப்பவருக்குச் சிரமம் கொடுக்கிறோமே என்று மனம் குறுகுகிறது. ‘ஆ’ என்றால் வலிமை, ‘நா’ என்றால் நோவு. தமிழில் ‘சங்கோஜம்’ ஓரளவு கிட்டே வரும்.

இடம் பார்த்துச் சொல்லுங்கள். உதவி கேட்கும்போது ‘ஐ ஹேட் டு ட்ரபிள் யூ, பட்…’. கொடுத்த கடனைத் திருப்பிக் கேட்கக் கூசினால் ‘ஐ ஃபீல் ஆக்வர்ட் ஆஸ்கிங்’. விலை கூடிய பரிசு வந்தால் ‘யூ ஷுடன்ட் ஹாவ்’.

விருந்தில் மட்டும் எச்சரிக்கை. இங்கே ‘வேண்டாம்’ என்றாலும் மூன்று முறை வற்புறுத்துவார்கள் என்று நமக்குத் தெரியும். வெளிநாட்டு மேலதிகாரி வீட்டில் ‘நோ, தேங்க் யூ’ என்றால் பெரும்பாலும் அதையே முடிவாக எடுத்துக்கொண்டு தட்டை அடுத்தவரிடம் நகர்த்திவிடுவார். பசித்தால் முதல் தடவையே ‘யெஸ், ப்ளீஸ்’ என்றுவிடுங்கள்.