வாசகர் கேள்வி: புதுசா வர்ற சிஸ்டரை எண்ணிக்கையில சேக்காதீங்க

கேள்வி: பி.எஸ்சி. நர்சிங் முடிச்சுட்டு ஊட்டியில ஒரு ஆஸ்பத்திரி ஐ.சி.யூ.ல சேந்திருக்கேன் அக்கா. அலாரம் அடிச்சாலே கை நடுங்குது. சீனியர் சிஸ்டருங்க பழகிடும்னு சொல்றாங்க. முதல்ல எதைக் கத்துக்கிறது?
(பெயர் வேண்டாம், கோத்தகிரி)

பதில்: கை நடுங்குறதுல தப்பே இல்ல கண்ணு, அங்க படுத்திருக்கறது ஒரு உசுருன்னு உனக்குப் புரிஞ்சிருக்கு, அவ்வளவுதான். அலாரம் அடிச்சா மானிட்டரைப் பாக்குறதுக்கு முன்னாடி பேஷண்ட் முகத்தைப் பாரு, நெஞ்சு ஏறி இறங்குதான்னு பாரு, அப்புறமா மானிட்டருக்குப் போ. இந்த ஒரு பழக்கம் வந்துட்டாலே பாதி பயம் போயிடும்.

நம்ம ஊர்ல ஒரு விஷயம் கூடுதலா இருக்கு. டிசம்பர், ஜனவரியில விடியக்காலை கேஸ் வரும்போது விரல் ஐஸ் மாதிரி இருக்கும், விரல்ல மாட்டுற கிளிப் சாச்சுரேஷன், அதாவது ரத்தத்துல இருக்கற ஆக்சிஜன் அளவு, 82ன்னு காட்டும். அந்த நேரத்துல திரையில அலை ஒழுங்கா வருதா, அதுல வர்ற பல்ஸும் ஈசிஜி காட்டுற இதயத்துடிப்பு ரேட்டும் ஒத்துப்போகுதான்னு பாரு. கையைத் தேய்ச்சு சூடாக்கு, கிளிப்பை வேற விரல்ல மாட்டு, நெயில் பாலிஷ் இருந்தா துடைச்சுடு. ஊட்டி கிட்டத்தட்ட 2,240 மீட்டர் உயரத்துல இருக்கு, காத்தழுத்தம் கம்மி, சமவெளியில ஒரு ஆளு மூச்சுல இழுக்குற ஆக்சிஜன் அழுத்தத்துல முக்கால்வாசிதான் இங்க கிடைக்கும், அதனால நல்லா இருக்கறவங்களுக்கே 94, 95ன்னு காட்டலாம். ஆனா "மலைன்னா அப்படித்தான் காட்டும்"னு மட்டும் விட்டுடாத. அந்த பேஷண்ட்டுக்கு எவ்வளவு இருக்கணும்னு டாக்டர்கிட்ட ரவுண்ட்ஸ்லயே கேட்டு சார்ட்ல எழுதி வை, அதுக்குக் கீழ போனா நிஜமாவே இறங்குதுன்னுதான் எடுத்துக்கணும், விரலை மாத்திப் பாக்கற நேரத்துலயே சீனியரையும் கூப்பிட்டுடு.

வென்டிலேட்டர்ல பிரஷர் அதிகம்னு அலாரம் வந்தா மூச்சுக்காகத் தொண்டைக்குள்ள போட்ட ட்யூப் மடங்கியிருக்கா, பேஷண்ட் கடிக்கிறாரா, சளி அடைச்சிருக்கான்னு பாரு. குளுருக்கு சர்க்யூட்ல, அதாவது வென்டிலேட்டர் குழாய்ல, தண்ணி தேங்கும், அதையும் பாரு, பேஷண்ட் பக்கம் சாயாம வடிச்சுடணும். பிரஷர் கம்மின்னு வந்தா எங்கயாவது கழண்டிருக்கும். எதுன்னே புரியல, சாச்சுரேஷன் இறங்கிட்டே போகுதுன்னா சத்தமா ஆளைக் கூப்பிட்டுக்கிட்டே வென்டிலேட்டரைக் கழட்டிட்டு ஆக்சிஜனோட அம்பு பேக் (கையால அமுக்கி மூச்சு குடுக்குற பை) போட ஆரம்பிச்சுடு. அதனாலதான் டூட்டி எடுத்ததும் அம்பு பேக்கும் மாஸ்க்கும் தலைமாட்டுல இருக்கா, சளி எடுக்குற சக்ஷன் இழுக்குதா, ட்யூப் உதட்டுகிட்ட எத்தனையாவது மார்க்ல இருக்குன்னு பாக்கச் சொல்றது. மருந்து லைனையும் பம்ப்லேர்ந்து பேஷண்ட் உடம்பு வரைக்கும் விரலால தடவிட்டே போய்ப் பாரு. பிபியைத் தாங்கிப் பிடிக்கிற நார்அட்ரினலின் மருந்து ஓடிட்டிருந்தா அடுத்த சிரிஞ்ச் முன்னாடியே ரெடியா இருக்கணும், அது தீந்து நின்னா பிபி படக்குனு விழுந்துடும்.

கேள்வி: எங்க ஐ.சி.யூ.க்கு வர்ற பொண்ணுங்க சில மாசத்துலயே கோயம்புத்தூர், கேரளா, வெளிநாடுன்னு கிளம்பிடறாங்க. ஆள் பத்தாம முதல் வாரமே பெட் குடுத்துடறோம். ட்ரெயினிங்கை எப்படி நடத்துறது?
(ஐ.சி.யூ. இன்சார்ஜ், குன்னூர்)

பதில்: சிஸ்டர், நீங்க கேட்டதுலயே காரணமும் இருக்கு. புதுசா வர்ற பொண்ணை டூட்டி ரோஸ்டர்ல ஒரு ஆளா எண்ணுறீங்கன்னா அதுக்குப் பேரு ட்ரெயினிங் இல்ல, அவ ஆள் குறையை அடைக்கத்தான் வந்திருக்கா. வென்டிலேட்டர் கேஸுக்கு ஒரு நர்ஸ்னு இருக்கணும், அந்த ஒண்ணுல இவளைச் சேக்காம முதல் ஆறு வாரமாவது கூடுதலா வையுங்க. மேனேஜ்மென்ட் ஒத்துக்காதுன்னு சொல்வீங்க, தெரியும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை புது ஆள் தேடுறதுல என்ன செலவாகுதுன்னு கணக்குப் போட்டு அவங்க மேஜையில வையுங்க.

அவளுக்கு ஒரே சீனியரை ஒதுக்குங்க, ரெண்டு பேருக்கும் ஒரே ஷிஃப்ட் போடுங்க. காலைல ஒருத்தர் ஒரு விதமா, ராத்திரி இன்னொருத்தர் வேற விதமா சொல்லிக்குடுத்தா அந்தப் பொண்ணு ரெண்டையும் நம்பாது. அந்த சீனியருக்கும் பெட் சுமையைக் கொஞ்சம் குறைக்கணும், இல்லன்னா அவங்க எங்கேர்ந்து சொல்லிக்குடுப்பாங்க? முதல்ல ஆபரேஷன் முடிஞ்சு நிலையா இருக்கற கேஸ், அப்புறம் ட்யூப் இல்லாம மாஸ்க் வழியா மெஷின் மூச்சு குடுக்குற கேஸ், அதுக்கப்புறம்தான் ட்யூப் போட்ட கேஸ்.

1952ல கோபன்ஹேகன்ல போலியோ பரவுனப்போ நடந்ததை முதல் நாளே அவளுக்குச் சொல்லுங்க. மூச்சு விட முடியாம வந்தவங்களுக்கு மெஷின் பத்தல, பியோர்ன் இப்சன்னு ஒரு மயக்க மருந்து டாக்டர் தொண்டையில ட்யூப் வெச்சு பையை அமுக்கி மூச்சு குடுக்கலாம்னு காட்டுனாரு, நூத்துக்கணக்கான மருத்துவ மாணவர்கள் ஷிஃப்ட் போட்டு ராப்பகலா வாரக்கணக்குல கையாலயே அமுக்கிட்டிருந்தாங்க. ஐ.சி.யூ.ங்கற அமைப்பே அதுக்கப்புறம்தான் வந்துச்சு. படுக்கை பக்கத்துல ஒரு ஆள் நிக்குறதுதான் முதல்ல வந்துச்சு, நல்ல மெஷினெல்லாம் பின்னாடிதான்.

நம்ம மலைக்குன்னு சொல்லிக்குடுக்க வேண்டியதும் இருக்கு. தேயிலைத் தோட்டம், காய்கறித் தோட்டப் பக்கத்துலேர்ந்து பூச்சி மருந்து குடிச்ச கேஸ் வரும். அந்த விஷத்துக்கு மாத்தா குடுக்குற அட்ரோபின் மருந்து எப்ப போதும்ங்கறதை கண்ணுமணி விரிஞ்சிருக்கறதை வெச்சு முடிவு பண்ணக்கூடாது, நெஞ்சுல ஸ்டெத் வெச்சா சளிச்சத்தம் போயிருக்கா, ஹார்ட் ரேட் 80க்கு மேல வந்துருச்சா, பிபி நிக்குதான்னு பாக்கச் சொல்லுங்க, க்ளவுஸ் போட்டு துணியைக் கழட்டி உடம்பைக் கழுவச் சொல்லுங்க. அப்புறம் பேஷண்ட்டைக் கீழ பெரிய ஆஸ்பத்திரிக்கு ரெஃபர் பண்ணி அனுப்புறது. இதை நிறைய இடத்துல யாரும் சொல்லிக்குடுக்கறதே இல்ல. பி டைப் ஆக்சிஜன் சிலிண்டர் முழுசா இருந்தா ஏறக்குறைய 1,500 லிட்டர், நிமிஷத்துக்கு 10 லிட்டர் போனா ரெண்டரை மணி நேரம்தான் வரும். ஊட்டியிலேர்ந்து கோயம்புத்தூருக்கு பர்லியார் வழியா ட்ராஃபிக்கோட சேத்து மூணு மணி நேரம்கூட ஆகும், மழைக்கு மண்ணு சரிஞ்சு ரோடு அடைஞ்சா அதுக்கும் மேல. அந்தக் கணக்கை புதுப் பொண்ணையே போடச் சொல்லுங்க, ரெண்டாவது சிலிண்டரை வண்டியில ஏத்தணும்னு அவ வாயிலேர்ந்தே வரட்டும்.

கேள்வி: என் பொண்ணு ஜி.என்.எம். நர்சிங் டிப்ளமோ முடிச்சிருக்கு, ஐ.சி.யூ. வேலைக்கு மேல படிக்க ஆசைப்படுது. நாங்க பனியர் பழங்குடி சமூகம். வெளியூர் போய்த்தான் ஆகணுமா?
(ஒரு அம்மா, கூடலூர்)

பதில்: அம்மா, ஜி.என்.எம். முடிச்சவங்களுக்கு கிரிட்டிகல் கேர்ல (ஐ.சி.யூ. பராமரிப்பு) ஒரு வருஷ போஸ்ட் பேசிக் டிப்ளமோ இருக்கு, நர்சிங் கவுன்சில்ல பதிவு பண்ணி கொஞ்சம் வேலை அனுபவம் சேத்தா சேரலாம். அதுக்கும் மேல, பி.எஸ்சி. முடிச்சவங்களுக்கு ரெண்டு வருஷ நர்ஸ் பிராக்டிஷனர் படிப்பும் இருக்கு. படிக்க வெளிய போக வேண்டி வரலாம், வேலைக்கு நம்ம பக்கமே திரும்பி வரட்டும். உங்க கூடலூர் ஆதிவாசி ஆஸ்பத்திரியில பழங்குடிப் பொண்ணுங்களுக்கே நர்ஸ் பயிற்சி குடுத்து வேலையில வெச்சிருக்காங்க, முதல்ல அங்க போய் அந்த சிஸ்டருங்ககிட்ட பேசச் சொல்லுங்க. ஊட்டியில மெடிக்கல் காலேஜ் ஆஸ்பத்திரி 700 படுக்கையோட 2025ல திறந்தாச்சு, அங்கயும் ஆள் எடுக்குற அறிவிப்பு வருதான்னு பாத்துட்டே இருக்கட்டும். ட்யூப் போட்டுப் படுத்திருக்கற ஒரு பனியர் பாட்டிக்கு வலிக்குதான்னு அவங்க பாஷையிலயே குனிஞ்சு கேக்க உங்க பொண்ணால முடியும், பாட்டி தலையை ஆட்டுனா வலி மருந்து நேரத்துக்குக் கிடைக்கும். இன்டர்வியூல இதைச் சொல்லக் கூச்சப்பட வேண்டாம்னு சொல்லுங்க.