ஒரே வேகத்தில போற ஆட்டோவுக்கு விளையுள் விசை பூச்சியம் எண்டா எஞ்சின் எதுக்கு?

ஓஎல் எடுக்கிற தம்பி ஒராள் கேட்டிருக்கார், சீரான வேகத்தில போற வண்டியில விளையுள் விசை (எல்லா விசையையும் திசை பாத்துக் கூட்டிக் கழிச்சா மிஞ்சிறது) பூச்சியம் எண்டு சேர் சொன்னாராம், அப்ப எஞ்சின ஓஃப் பண்ணினாலும் ஓடணுமே எண்டு. நல்ல கேள்விதான்.

கல்லடிப் பாலத்தில நேரா போற ஆட்டோ ஒண்ட எடுங்க, ஆக்களோட சேத்து திணிவு 400 கிலோ எண்டு வைப்பம். எஞ்சின் பின் சில்ல சுத்த, சில்லு ரோட்டப் பின்னால தள்ளுது, ரோட்டு சில்ல முன்னால தள்ளுது (நியூட்டன்ட மூண்டாவது விதி. உராய்வு எப்பவும் எதிரி எண்டு நினைக்காதீங்க, இஞ்ச வண்டியத் தள்ளுறதே அதுதான்). அந்தத் தள்ளு 1000 நியூட்டன், காத்தும் மத்த எதிர்ப்பும் சேந்து 200 எண்டா மிச்சம் 800. அத 400ஆல பிரிச்சா ஆர்முடுகல் (வேகம் கூடுற வீதம்) 2, அதாவது ஒவ்வொரு செக்கனும் வேகம் செக்கனுக்கு 2 மீற்றரால கூடும், நிண்ட வண்டி 5 செக்கன்ல செக்கனுக்கு 10 மீற்றர், மணிக்கு 36 கிலோமீற்றருக்கு வந்திரும்.

மறுகா டிரைவர் அக்சிலேட்டரக் கொஞ்சம் குறைக்க தள்ளும் 200க்கு இறங்குது எண்டு வைங்க, எதிர்ப்பும் 200, அதால வேகம் மாறாம அப்பிடியே போகும். விசையே இல்ல எண்டில்ல, கூட்டிக் கழிச்சா மிச்சமில்ல. எஞ்சின ஓஃப் பண்ணினா முன் தள்ளு போயிரும், எதிர்ப்பு மட்டும் நிக்கும், 200ஐ 400ஆல பிரிச்சா அமர்முடுகல் (வேகம் குறையிற வீதம்) 0.5, மெல்ல மெல்ல நிண்டிரும். உண்மையில காத்துத் தடை வேகத்தோட கூடிக் குறையும், ஓஎல் கணக்குல அத மாறாததா எடுப்பாங்க.

வளைவுல கிறுகினா கதை வேற. கதி (திசை பாக்காம, எவ்வளவு விரைவா போகுது எண்டது) அதேதான் எண்டாலும் திசை மாறுது, வேகத்தில திசையும் சேரும் எண்டதால வேகம் மாறுது, அப்ப விளையுள் விசை பூச்சியமில்ல. எக்ஸாமில கனபேர் மாட்டுறது இதுலதான்.