நூறு பேர் பட்டியல் கையில் இருக்கிறது. ஆய்வை எங்கே தொடங்குவது?

கேள்வி: முதுகலை சமூகப்பணி இரண்டாம் ஆண்டு படிக்கிறேன். செங்கம் வட்டாரத்தில் உடல் இயக்கக் குறைபாடு உள்ளவர்களின் வாழ்க்கையையும் சிக்கல்களையும் பற்றி ஆய்வேடு எழுத வேண்டும். மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வாங்கியவர்கள் பட்டியலிலிருந்து 100 பேரை எடுத்து, வினாத்தாள் கொடுத்து, சதவீதம் போடுவதாகத் திட்டம். கேள்விகள் மேலோட்டமாக இருப்பதாக வழிகாட்டி ஆசிரியர் சொல்கிறார். நான்கு மாதம்தான் இருக்கிறது. எப்படி மாற்றுவது?

பதில்: முதலில் அந்தப் பட்டியலைப் பற்றிப் பேசிவிடுவோம். அட்டை வாங்கியவர் என்றால் அட்டை வழங்கும் முகாமுக்கு வர முடிந்தவர், அழைத்துவர ஆள் இருந்தவர் என்று பொருள். கட்டிலை விட்டு இறங்க முடியாதவரும், தங்கைக்கு வரன் தட்டிப்போகும் என்று வீட்டுக்குள்ளேயே வைக்கப்பட்ட பெண்ணும் அதில் இருக்க மாட்டார்கள். உங்கள் ஆய்வுக்கு மிகவும் தேவைப்படுகிறவர்கள் அவர்கள்தான்.

ஆகவே வீடு வீடாகப் போய்க் கணக்கெடுங்கள். 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி ஆயிரம் பேருக்கு நான்கைந்து பேர்தான் இயக்கக் குறைபாடு உள்ளவர்கள். 100 பேரை இப்படிக் கண்டுபிடிக்க இருபதாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் வாழும் வீடுகளை ஏறி இறங்க வேண்டும். நான்கு மாதத்தில் நடக்காது. மூன்று நான்கு ஊராட்சிகளில் 1,500 வீடுகளை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு வீட்டுக்கு ஐந்து நிமிடம் என்று வைத்தால், இருவர் சேர்ந்து நாளைக்கு 80 வீடு பார்க்கலாம். மூன்று வாரத்தில் முடியும். எல்லா வயதையும் சேர்த்தால் 25 பேர் வரை கிடைப்பார்கள், கேள்வி சரியாக இருந்தால் இன்னும் கூடும். கிடைத்தவர்களில் எத்தனை பேர் அட்டைப் பட்டியலில் இல்லை என்று எண்ணுங்கள். அந்த ஓர் எண்ணே உங்கள் ஆய்வேட்டின் முக்கியமான கண்டுபிடிப்பாக இருக்கும். இன்னும் 30 பேரைப் பட்டியலிலிருந்து எடுத்து, இரண்டு குழுவையும் தனித்தனியாகவே அட்டவணைப்படுத்துங்கள். கலந்துவிட்டால் எது யாருடைய நிலை என்று தெரியாமல் போய்விடும்.

வாசலில் நின்று என்ன கேட்பது? ‘இந்த வீட்டில் ஊனமுற்றவர் யாராவது இருக்கிறார்களா?’ என்று கேட்டால், ‘அப்படி யாரும் இல்லைங்க’ என்று பதில் வந்து கதவு சாத்தப்படும். 2011 கணக்கெடுப்பில் முதலில் கேட்டதே, இவர் உடலாலோ மனதாலோ ஊனமுற்றவரா என்றுதான். நாடு முழுவதும் 2.68 கோடிப் பேர், 2.21 சதவீதம் என்று கணக்கு வந்தது. உலகச் சுகாதார நிறுவனம் 2022-ல் தந்த உலக மதிப்பீடோ 16 சதவீதம். வயது, வரையறை எனப் பல காரணங்கள் இந்த இடைவெளிக்கு உண்டு. கேட்கும் சொல்லும் அதில் ஒன்று.

ஐக்கிய நாடுகள் அவையின் புள்ளியியல் ஆணையத்தின் கீழ் உருவான வாஷிங்டன் குழுவின் ஆறு கேள்விகளில் ஊனம் என்ற சொல்லே வராது. பார்ப்பது, கேட்பது, நடப்பது, நினைவு, தன்னைக் கவனித்துக்கொள்வது, பிறரிடம் பேசிப் புரியவைப்பது என்று ஒவ்வொன்றிலும் சிரமம் உண்டா என்றுதான் கேட்கும். உங்களுக்கு வேண்டியதை ஊர்ப் பேச்சில் இப்படிக் கேளுங்கள்: “உங்க வீட்ல யாருக்காவது நடக்கவோ படி ஏறவோ சிரமம் இருக்கா?” விடை நான்கில் ஒன்று: சிரமமே இல்லை, கொஞ்சம் சிரமம், ரொம்பச் சிரமம், முடியவே முடியாது. கடைசி இரண்டில் ஒன்றைச் சொன்னவரைச் சேர்த்துக்கொள்ளுங்கள். நான்கையும் வாய்விட்டுப் படித்துக் காட்டுவது முக்கியம். ‘இருக்கா, இல்லையா’ என்று சுருக்கிவிட்டால் இந்த முறையே வீண்.

இதில் இரண்டு ஓட்டைகள் உண்டு. கையில் சிரமம் உள்ளவர் ஆறு கேள்விகளில் நழுவிவிடுவார். அதே குழுவின் விரிவான தொகுப்பிலிருந்து இரண்டைச் சேருங்கள்: இரண்டு லிட்டர் தண்ணீர் பாட்டிலை இடுப்பு மட்டத்திலிருந்து கண் மட்டத்துக்குத் தூக்குவது, பட்டன், பென்சில் போன்ற சின்னப் பொருளை விரலால் எடுப்பது. இரண்டாவது ஓட்டை மூட்டுவலி. வயது வரம்பு வைக்காவிட்டால் உங்கள் மாதிரியில் பெரும்பகுதி முதியவர்களாகவே இருக்கும். 18 முதல் 59 வயது என்று வரையறுத்து, ஏன் அப்படி என்பதை ஆய்வேட்டில் எழுதிவிடுங்கள்.

இயக்கக் குறைபாடு என்று ஒரே மூட்டையாகக் கட்டவும் கூடாது. 2016-ம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் அந்தத் தலைப்பின் கீழேயே தொழுநோயிலிருந்து குணமானவர், பெருமூளை வாதம், உயரக் குறைவு, தசைச் சிதைவு, அமில வீச்சால் பாதிக்கப்பட்டவர் என்று தனித்தனியாகச் சொல்கிறது. சிறு வயதில் போலியோ வந்து, காலிப்பர் என்ற காலைத் தாங்கும் கருவியைப் போட்டே வளர்ந்து, இன்று ஐம்பதைத் தொட்டவரின் வாழ்க்கை வேறு. முப்பது வயதில் மரத்திலிருந்து விழுந்து தண்டுவடம் அடிபட்டவரின் வாழ்க்கை வேறு. எந்த வயதில் வந்தது, எப்படி வந்தது என்ற இரண்டையும் முதல் பக்கத்திலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

அட்டையில் இருக்கும் குறைபாட்டுச் சதவீதத்தையும் அளவுக்கு மீறி நம்பாதீர்கள். 60 சதவீதம் என்பது மருத்துவர் உடலைப் பார்த்துப் போட்ட எண். அதே 60 சதவீதத்தோடு ஒருவர் பேருந்துச் சாலையோரத் தரைத்தள வீட்டில் தையல் மிஷின் ஓட்டிச் சம்பாதிக்கலாம். இன்னொருவர் மூன்று படி வைத்த வீட்டில் மாதக்கணக்கில் தெருவைப் பார்க்காமல் இருக்கலாம். பிரிட்டனில் அரசு நடத்திய ஒரு கணக்கெடுப்பில், பொருளைப் பிடிக்கவோ திருகவோ உங்களுக்கு எந்த உபாதை தடையாக இருக்கிறது என்ற பொருளில் கேட்டிருந்தார்கள். சக்கர நாற்காலியில் வாழ்ந்த சமூகவியலாளர் மைக் ஆலிவர் 1990-ல் அதை அப்படியே திருப்பிப் போட்டார்: புட்டியையும் டப்பாவையும் செய்த விதத்தில் உள்ள எந்தக் குறை உங்களுக்குத் தடையாகிறது? உங்கள் வினாத்தாள் முழுவதையும் இந்தக் கண்ணோட்டத்தோடு ஒருமுறை படித்துப் பாருங்கள். மேலோட்டம் என்று ஆசிரியர் சொன்னதன் காரணம் பெரும்பாலும் இங்கேதான் இருக்கும்.

‘வீட்டில் இயங்குவதில் சிரமம் உண்டா? ஆம்/இல்லை’ என்பதை அடித்துவிட்டு, இன்ச் டேப்பை எடுத்துக்கொண்டு போங்கள். வாசற்படியின் மொத்த உயரம், வாசற்கதவின் அகலம், குளியலறைக் கதவின் அகலம், கழிப்பறைக்குப் போகும் தூரம் ஆகிய நான்கையும் அளந்தாலே போதும். சக்கர நாற்காலிக்குக் கதவு 90 சென்டிமீட்டர் இருக்க வேண்டும். சாய்தளம் 1:12 சரிவில் இருக்க வேண்டும். அதாவது 15 சென்டிமீட்டர் உயரமுள்ள ஒரே படிக்கு 1.8 மீட்டர் நீளம். அப்படி மூன்று படி இருந்தால் 5.4 மீட்டர், ஏறக்குறைய 18 அடி. வாசலுக்கு முன்னால் தெருவே பத்தடிதான் என்றால் சாய்தளம் எங்கே போகும்? அதனால்தான் பல இடங்களில் செங்குத்தாக ஒரு சிமெண்ட் சரிவைப் போட்டுவிட்டுப் போகிறார்கள், யாராவது பின்னாலிருந்து தள்ளினால்தான் அதில் ஏற முடிகிறது. ‘சாய்தளம் உண்டு’ என்று டிக் அடிக்கும் வினாத்தாளில் இது ஒருநாளும் வெளியே வராது.

கருவிகளிலும் இதேதான். ‘சக்கர நாற்காலி கிடைத்ததா?’ என்றால் ஆம் என்பார்கள். “அதைக் கொஞ்சம் பார்க்கலாமா?” என்று கேளுங்கள். பரணில் இருக்கலாம், துணி காயப் போட்டிருக்கலாம். டயரில் காற்று இருக்கிறதா, பிரேக் பிடிக்கிறதா, கால் வைக்கும் பலகை இருக்கிறதா, உட்காரும் இடத்தில் மெத்தை இருக்கிறதா என்று பாருங்கள். முன்சக்கரம் சின்னதாக இருந்தால் மணல் பாதையில் புதைந்துவிடும். இருக்கை இடுப்பைவிட மிகவும் அகலமாக இருந்தால் உடல் ஒரு பக்கம் சாயும். உணர்ச்சி இல்லாத உடலில் அது படுக்கைப்புண் வரை கொண்டுபோகும். பயன்படுத்தாமல் விட்டதற்கு இப்படி ஒரு காரணம் இருக்கும், அதை அவர் சொன்ன வார்த்தையிலேயே எழுதிக்கொள்ளுங்கள்.

பெண்களிடம் ஒரு கேள்வியைத் தவறவிடாதீர்கள்: “வெளியே போற நாள்ல எத்தனை மணிக்குத் தண்ணி குடிக்கிறத நிறுத்துவீங்க?” போகும் இடத்தில் ஏறி உட்காரக்கூடிய கழிப்பறை இல்லாததால் முந்தின இரவே தண்ணீரைக் குறைத்துக்கொள்ளும் பெண்கள் இருக்கிறார்கள். சிறுநீர்த் தொற்று, வேலையை விட்டது, தையல் வகுப்பைப் பாதியில் நிறுத்தியது எல்லாம் அந்த ஒரு டம்ளர் தண்ணீரிலிருந்து தொடங்குவதைக் காணலாம். பெண் ஆய்வாளர்தான், தனியாகத்தான், இதைக் கேட்க வேண்டும்.

தனியாகப் பேசுவது எல்லோருக்கும் பொருந்தும். நீங்கள் அவரைக் கேட்க, அம்மாவோ அண்ணனோ பதில் சொல்லத் தொடங்குவார்கள். மரியாதையாகக் காத்திருந்து, கேள்வியை அவரைப் பார்த்தே மறுபடியும் கேளுங்கள். பேச்சு தெளிவாக வராதவர் என்றால் நேரம் கொடுங்கள். வேறு வழியில்லாமல் வீட்டார் சொன்ன பதில் என்றால் அதை ஓரத்தில் குறித்து, பகுப்பாய்வில் பிரித்துவிடுங்கள். சம்மதமும் அவருடையதாகவே இருக்க வேண்டும். பதினெட்டு வயதைக் கடந்தவருக்காக அப்பா கையெழுத்துப் போடுவது சம்மதமாகாது. உதவித்தொகை வாங்கித் தர வந்திருக்கிறீர்கள் என்ற எண்ணம் கட்டாயம் எழும். இல்லை என்று முதல் நிமிடத்திலேயே சொல்லிவிடுங்கள். அந்த நம்பிக்கையோடு ஒருவர் மனம்விட்டுப் பேசிவிட்டுப் பின்னால் ஏமாறுவது கொடுமை. பேட்டி 45 நிமிடத்தைத் தாண்டினால் இன்னொரு நாள் வாருங்கள்; தண்டுவடம் அடிபட்டவர் நெடுநேரம் ஒரே நிலையில் உட்காரக் கூடாது.

செலவைக் கேட்கும்போது மருந்து, சிறுநீர் சேகரிக்கும் பை, ஆட்டோ போன்றவற்றுக்குக் கடந்த ஒரு மாதம், அறுவைச் சிகிச்சை, செயற்கைக்கால் போன்றவற்றுக்குக் கடந்த ஓராண்டு என்று காலத்தைப் பிரியுங்கள். துணைக்கு வந்தவர் இழந்த கூலியையும் சேருங்கள், அதை யாரும் தாமாகச் சொல்ல மாட்டார்கள்.

கடைசியாக உங்கள் சதவீதம். ‘65 சதவீதத்தினருக்கு வேலையில்லை’ என்று மட்டும் எழுதினால், அந்த ஊரில் மற்றவர்களுக்கு எப்படி என்ற கேள்வி உடனே வரும். ஒவ்வொருவருக்கும் அதே வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஏறக்குறைய அதே வயதுள்ள, அதே பாலினத்தைச் சேர்ந்த, குறைபாடில்லாத ஒருவரிடம் படிப்பு, வேலை, திருமணம், மாதச் சம்பாத்தியம் என்ற நான்கை மட்டும் கேட்டு வையுங்கள். பத்து நிமிட வேலை. அண்ணன் பன்னிரண்டாவது வரை படித்திருக்க, தம்பி ஐந்தாவதோடு நின்றது அப்போதுதான் கண்ணில் படும்.

முதல் ஐந்து பேட்டிகளைச் சோதனையாக வைத்துக்கொண்டு, புரியாத கேள்விகளைத் திருத்திய பிறகு மீதியைத் தொடங்குங்கள். கணக்கெடுக்கப் போகும் இருவரில் ஒருவர் மாற்றுத்திறனாளியாக இருந்தால் நல்லது. அவருக்கு நாள்கூலியும் வண்டிக்குப் பெட்ரோலும் இப்போதே பட்ஜெட்டில் எழுதிவிடுங்கள்.