குளிசைக்குள் மருந்து எவ்வளவு? கேள்வி பதில்

(மருந்துத் தர ஆய்வுகூடமொன்றில் வேலை செய்து ஓய்வுபெற்ற இரசாயனவியலாளர் பதில் தருகிறார். கேள்விகள் வன்னியிலிருந்து வந்தவை.)

கிளிநொச்சி, உயர்தர மாணவி: சேர், 500 மில்லிகிராம் பரசிற்றமோல் குளிசையில் உண்மையிலேயே 500 இருக்கிறதா என்று எப்படிப் பார்ப்பீர்கள்?

ஒரு குளிசையை மட்டும் எடுத்துப் பார்ப்பதில்லை, பிள்ளை. இருபதை நிறுத்து, ஒன்றாகத் தூளாக்க வேண்டும். பிரித்தானிய மருந்து நியம நூலின்படி, 150 மில்லிகிராம் பரசிற்றமோலுக்குரிய தூளை ஐதான சோடியம் ஐதரொட்சைட்டில் கரைத்து 200 மில்லிலீற்றராக்கி, வடித்து, பிறகு இரண்டு தரம் பத்து மடங்கு ஐதாக்குவோம். கடைசியில் குடுவையில் இருப்பது பச்சைத்தண்ணீர் மாதிரித்தான் தெரியும். ஆனால் 257 நனோமீற்றர் கழியூதா ஒளியை அது உறிஞ்சும். குளிசை சரியென்றால், எவ்வளவு ஒளி உறிஞ்சப்பட்டது என்பதைக் கருவி 0.54 அளவில் காட்டும். 95 முதல் 105 வீதம் வரை ஏற்றுக்கொள்வார்கள். அதனால் 478 மில்லிகிராம் இருந்தாலும் சித்திதான்.

அதே மாணவி: பாடசாலையில் அளவியால் கரைசலைத் துளித்துளியாக விட்டு அளக்கிற நியமிப்பு இதற்கு உதவாதா?

ஏன் உதவாது? விற்றமின் சீ குளிசைக்கு அயடீன் நியமிப்பே போதும். 0.05 மோலார் அயடீன் ஒரு மில்லிலீற்றர், 8.806 மில்லிகிராம் விற்றமின் சீக்குச் சமன். மாப்பொருள் கரைசல் விட்டு, நீலம் நிலைத்து நின்றதும் அளவியை மூட வேண்டியதுதான். ஒன்று மட்டும் கவனி: அயடீனுக்கு ஆள் தெரியாது. சல்பைற்று கலந்திருந்தால் அதையும் விற்றமின் சீ என்றே எண்ணிவிடும்.

புதுக்குடியிருப்பு, பாமசிக்காரர்: தகரக் கூரைக் கடை. சித்திரை வெயிலுக்குப் பிறகு அஸ்பிரின் போத்தலைத் திறந்தால் வினாகிரி மணக்கிறது. விற்கலாமா?

விற்காதீர்கள், தம்பி. ஈரப்பதனும் சூடும் சேர்ந்து அஸ்பிரினைச் சலிசிலிக்கமிலமாகவும் அசற்றிக்கமிலமாகவும் உடைத்துவிட்டன. அந்த மணம் இரண்டாவதினுடையது. சலிசிலிக்கமிலம் இருந்தால் பெரிக்குக் குளோரைட்டு ஒரு துளி விட்டவுடனே ஊதா நிறம் வரும்.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. அஸ்பிரினை அளவுக்கு மிஞ்சிய காரத்தோடு கொதிக்கவைத்து, மிச்சக் காரத்தை அமிலத்தால் அளப்பது பழைய முறை. முழு அஸ்பிரின் மூலக்கூறு இரண்டு பங்கு காரத்தை எடுக்கும். உடைந்த துண்டுகள் இரண்டும் சேர்ந்து எடுப்பதும் அதே இரண்டு பங்குதான். அசற்றிக்கமிலம் ஆவியாகிப் போகாமல் உள்ளேயே இருந்தால், கெட்ட குளிசைக்கும் நூறு வீதம் என்று முடிவு வரும்! அதனால்தான் கலவையைப் பிரித்து அளக்கிற எச்.பி.எல்.சி. கருவி வேண்டும். கரைசலை உயர் அழுத்தத்தில் நிரல் என்கிற, துகள் அடைத்த குழாய்க்குள் தள்ளினால், அஸ்பிரின் ஒரு நேரத்திலும் சலிசிலிக்கமிலம் வேறு நேரத்திலும் வெளியே வரும். அளவு தெரிந்த தூய அஸ்பிரினையும் அப்படியே ஓடவிட்டு, கருவி வரைகிற வரைபிலுள்ள உச்சிகளின் பரப்புகளை ஒப்பிடுவோம். ‘எந்த முறையில் பார்த்தது?’ என்று கேட்காமல் வீதத்தை மட்டும் நம்புகிறவரோடு எனக்கு எப்போதும் சண்டைதான்.

மாங்குளம், ஒரு தாய்: பிள்ளைக்கு ஒரு கம்பனிக் குளிசை கேட்கிறது, மற்றது கேட்பதில்லை. மருந்து குறைவோ?

அப்படித்தான் இருக்க வேண்டுமென்றில்லை, அம்மா. மருந்து முழுதாக இருந்தும் குளிசை கரையாமல் போகலாம். அதற்குத் தனிச் சோதனை உண்டு. பரசிற்றமோல் என்றால் அமெரிக்க நியமத்தில் 37 பாகை செல்சியசில் 900 மில்லிலீற்றர் தாங்கற் கரைசலில் (அமிலத்தன்மை மாறாத கரைசல்) போட்டு, நிமிடத்துக்கு 50 சுற்று வேகத்தில் கலக்கி, அரை மணித்தியாலத்தில் எவ்வளவு கரைகிறது என்று பார்ப்பார்கள். எப்படியும், காய்ச்சல் விடவில்லையென்றால் முதலில் டொக்டரிடம் காட்டுங்கள்.

ஒட்டுசுட்டான், கமக்காரர்: வயலில் புடையன் கடித்தால் ஏற்றுகிற மருந்தையும் இப்படித்தான் அளப்பார்களா, ஐயா?

இல்லை, அண்ணை. அது குதிரையின் குருதியிலிருந்து எடுக்கிற எதிருடல், அதாவது நஞ்சை முறிக்கிற புரதம். எவ்வளவு புரதம் என்று அளந்தால், எவ்வளவு நஞ்சை முறிக்கும் என்பது தெரியாது. அதனால் நஞ்சையும் மருந்தையும் கலந்து சுண்டெலிகளுக்கு ஏற்றி, எத்தனை பிழைக்கின்றன என்று பார்க்கிறார்கள். இங்கே வருகிற இந்திய மருந்தில் ஒரு மில்லிலீற்றர் 0.6 மில்லிகிராம் புடையன் நஞ்சை முறிக்க வேண்டும். ஒரு குப்பி பத்து மில்லிலீற்றர், ஆக ஆறு மில்லிகிராம். புடையன் ஒரு கடியில் அதைப்போலப் பல மடங்கு இறக்கக்கூடும். ஆசுப்பத்திரியில் பத்து, இருபது குப்பி என்று ஏற்றுவது அதனால்தான்.