கள்ளி நாற்றழுகல்: வாசகர் கேள்விகளும் பதில்களும்

கே: விதைத்துப் பத்து நாளில் முளைத்த அஸ்ட்ரோஃபைட்டம் என்ற கள்ளி வகை நாற்றுகளில் சில, அடித்தண்டு கண்ணாடிபோல் ஆகி ஒரே இரவில் சாய்ந்துவிட்டன. காப்பாற்ற வழி உண்டா? (சுங்கை சிப்புட்)

ப: சாய்ந்தவற்றுக்கு வழி இல்லை. அவற்றைச் சுற்றி ஒரு விரற்கடை மண்ணோடு தோண்டி எறிந்துவிட்டு, விதைச்சட்டியின் மூடியைத் திறந்து, மேல்மண் வெளுக்கும்வரை நீர் விடாதீர்கள்.

கே: விதை மண்ணைத் தூய்மை செய்வது எப்படி? (பாகான் செராய்)

ப: பெர்லைட் என்ற இலேசான வெள்ளைக் கல்துகளும் ஆற்று மணலும் முக்கால் பங்கு, தென்னை நார்த்தூள் கால் பங்கு எனக் கலந்து, இலேசாக ஈரப்படுத்தி, பிரஷர் குக்கரில் அரை மணி நேரம் அவித்து, ஆறிய பிறகே திறக்க வேண்டும். சட்டியையும் வெந்நீரில் கழுவுங்கள். அவித்த மண்ணைப் பழைய சட்டியில் கொட்டிவிட்டு என்னிடம் முறையிடுவதில் பயனில்லை.

கே: பயிர் மருந்துக் கடையில் தந்த வெள்ளைப் பொடியை மூன்று முறை, ஒவ்வொரு முறையும் அளவைக் கூட்டித் தெளித்தும் அழுகல் நிற்கவில்லை. அடுத்து எதைத் தெளிக்கலாம்? (தெலுக் இந்தான்)

ப: பொடியின் நிறத்தை எழுதிய நீங்கள் அதன் பெயரை எழுதவில்லை, எனக்கு வரும் கடிதங்களில் பாதி இப்படித்தான் இருக்கின்றன. கார்பன்டாசிம் என்றே வைத்துக்கொள்வோம். அது ஃபியூசேரியம், ரைசோக்டோனியா போன்ற பூஞ்சைகளை அடக்கும். ஆனால் ஈரமண்ணில் இளநாற்றுகளைச் சாய்ப்பதில் பேர்போன பித்தியம், பூஞ்சைபோல் இழையோடினாலும் வேறு இனத்தைச் சேர்ந்தது என்பதால், அதனிடம் கார்பன்டாசிம் எடுபடாது. அதற்கு மெட்டலாக்சில் வகை மருந்து வேண்டும். அளவைக் கூட்டினால் நோய் அடங்காது, வேர்தான் கருகும். மருந்தையும் தண்ணீரில்தானே கலக்கிறீர்கள்? மூன்று முறை மருந்தடித்தபோது மூன்று முறை ஈரத்தையும் ஊட்டியிருக்கிறீர்கள். இதைவிடக் கொடுமை, செம்பனைத் தோட்டத்தில் களைக்கொல்லி அடித்த தெளிப்பானைக் கழுவிவிட்டதாகச் சொல்லி, அதிலேயே நாற்று மருந்தைக் கலப்பது. குழாயில் தங்கிய மிச்சமே, மிளகளவு நாற்றைக் கொன்றுவிடும். சில ரிங்கிட்டுக்குக் கிடைக்கும் கைத்தெளிப்பான் ஒன்றை இதற்கென்றே வைத்துக்கொள்ளுங்கள். பொட்டலத்தின் சிட்டையைப் படித்துவிட்டுக் கையுறையோடு கலக்குங்கள்.

கே: மண்மேல் பச்சையாகப் படர்கிறது. நோயா? (பாகாவ்)

ப: பாசி. நாற்றை அது அழுகச் செய்யாது. ஈரம் மிகுதி என்பதற்கு அடையாளம். நீரைக் குறையுங்கள்.

கே: சட்டியைச் சுற்றிக் கொசுவைப்போல் கறுப்பு ஈக்கள் பறக்கின்றன. (சுங்கை சிப்புட்)

ப: அவற்றின் புழுக்கள் இளவேரைக் கடிக்கும், கடித்த இடத்தில் அழுகல் நுழையும். மேலே அரை அங்குலத்துக்குப் பருமணல் பரப்பி, மஞ்சள் ஒட்டுத்தாளை அருகில் வையுங்கள். நீரைக் குறையுங்கள் என்பதை இங்கும் சொல்ல வேண்டியிருக்கிறது.

கே: ஆறு மாத நாற்று ஒன்று அடியில் பழுப்பாகிவிட்டது, மேற்பாதி பசுமையாக உள்ளது. (லூனாஸ்)

ப: இன்றே வெட்டுங்கள். ஒவ்வொரு வெட்டுக்கும் கத்தியை ஆல்கஹாலில் துடைத்து, வெட்டுமுகத்தின் நடுவே தெரியும் உள்வளையத்தில் பழுப்புப் புள்ளி ஒன்றுகூட இல்லாத இடம் வரும்வரை சீவி, அந்தத் தலையை நோயற்ற டிராகன் பழத் தண்டில், இரண்டின் வளையங்களும் ஓரிடத்திலாவது பொருந்துமாறு ஒட்டுக்கட்டுங்கள். ஒரு வாரம் நிழலில் இருக்கட்டும். வெட்டுவாயில் ஒரு துளி நீரும் படக்கூடாது.