பெட்டியைத் திறக்காத மகள்

அம்மா, வணக்கம். எனக்கு வயது 41. தரையில் பதிக்கும் ஆத்தங்குடிக் கல் செய்யும் பட்டறையில் 16 வருடம் வேலை பார்த்தவன். ஒரு கைகலப்பில் எதிராளிக்குத் தலையில் அடிபட்டு, மதுரை மத்திய சிறையில் 5 வருடம் இருந்துவிட்டுத் தை மாதம் வீடு வந்தேன்.

பழைய முதலாளி வேலை கொடுத்தார். என்ன வேலை? சிமெண்டும் மணலும் குழைப்பது! கண்ணாடி மேல் அச்சு வைத்து நிறம் ஊற்றுவது நேற்று வந்த பையன். இரண்டே நாளில் நின்றுவிட்டேன். நான் தெருவில் நடந்தால் பேச்சு நிற்கிறது. தம்பி வீட்டு வளைகாப்புக்கு எனக்குச் சொல்லவில்லை. மனைவி முறுக்கும் மனகோலமும் போட்டுத்தான் அடுப்பு எரிகிறது. மகள் மட்டும்தான் தொந்தரவு இல்லை. (எட்டாவது படிக்கிறாள். நான் சிங்கப்பூரில் இருந்ததாகத்தான் அவளிடம் சொல்லியிருக்கிறோம். வந்த அன்றைக்கு என்ன வாங்கி வந்தீர்கள் என்றுகூடக் கேட்கவில்லை, தங்கமான பிள்ளை.) அந்த முதலாளியைத்தான் மறக்க முடியவில்லை. நிறம் ஊற்றிய கைக்கு மண்வெட்டியா? தண்டனை முடிந்த பிறகும் தண்டிப்பது நியாயமா?

பெயர் வேண்டாம், காரைக்குடிப் பக்கம்

தம்பி, முதலாளி கதையை முதலில் முடித்துவிடுவோம். ஊரே பேச்சை நிறுத்தும்போது கதவைத் திறந்தவர் அவர். நிறம் கலங்கியிருந்தால், காய்ந்த கல்லைக் கண்ணாடியிலிருந்து பெயர்க்கும்போதுதான் தெரியும். 5 வருடம் அச்சைத் தொடாத கையை அவர் உடனே நம்பாததில் தப்பில்லை. போய்க் குழையுங்கள். தொழில் உதவிக்கு, விடுதலையானவர்களைக் கவனிக்கும் நன்னடத்தை அலுவலரையும் பார்த்துக் கேளுங்கள். வளைகாப்பு இருக்கட்டும்.

அடைப்புக்குறிக்குள் போட்டு ஓடிவிட்டீர்களே, அதைப் பேசுவோம். நம் பக்கத்தில் சிங்கப்பூரிலிருந்து அப்பா வந்தால் என்ன நடக்கும்? பெட்டி திண்ணையைத் தாண்டுவதற்குள் பிள்ளைகள் பூட்டைப் பிடித்து இழுப்பார்கள். கோடாலித் தைலம், சாக்லேட் என்று தெரு முழுக்கப் பங்கு போகும். உங்கள் மகள் ஒன்றுமே கேட்கவில்லை. ஏனென்றால் அவளுக்குத் தெரியும்.

உங்களைக் கண்டால் பேச்சு நிற்கும் தெரு வழியாகத்தானே அவள் பள்ளிக்கூடம் போகிறாள்? அம்மா மனு போட்டு உங்களைச் சிறையில் பார்க்க மதுரை பஸ் ஏறிய நாட்களை அவள் எண்ணாமலா இருந்திருப்பாள்? அவளிடம் மறைப்பதாக நீங்கள் நினைக்கிறீர்கள். உங்கள் பொய் உடையாமல் இத்தனை நாள் சுமந்தது அந்தப் பிள்ளை. முதலாளி மேல் காட்டும் கோபத்தில் பாதி, அவள் முகத்தை நேராகப் பார்க்க முடியாத கூச்சம் என்றே எனக்குப் படுகிறது.

நீங்களே அவளிடம் சொல்லுங்கள், மனைவியைச் சொல்ல விடாதீர்கள். யார் முதலில் கை ஓங்கினார்கள் என்ற வக்கீல் வாதம் வேண்டாம். அடித்தேன், உள்ளே இருந்தேன், உன்னிடம் பொய் சொன்னேன், அவ்வளவுதான். 'தெரியும்ப்பா' என்பாள், இல்லை பேசாமல் எழுந்து போவாள். போனால் பின்னாலேயே போகாதீர்கள். திண்ணையிலேயே உட்கார்ந்திருங்கள், அவள் திரும்பி வருகிற வரைக்கும்.