நெய் குறைத்தாலும் மணக்கும் சாம்பார் சாதம்

கேள்வி: சாம்பார் சாதம் சாப்பிட்டால் மதியம் முழுக்க வயிறு கனக்கிறது. நெய்யைக் குறைத்தாலோ சப்பென்று இருக்கிறது. என்ன செய்யலாம்?
- வாசகி, மதுரை

பதில்: முதலில் அரிசியைக் குறையுங்கள். மூன்று பேருக்கு அரிசி அரை கப், துவரம்பருப்பு அரை கப், காய் 2 கப். அரிசி, பருப்பு, மஞ்சள்தூளுடன் நாலு கப் தண்ணீர் விட்டு, குக்கரில் 5 விசில் வரட்டும். புளியை மட்டும் இதில் சேர்த்துவிடாதீர்கள். புளிப்பு பட்டால் பருப்பு குழையாது. சாதம் உதிரியாக நிற்கும். அந்தக் குறையை மறைக்கத்தான் பலரும் நெய்யை ஊற்றுகிறார்கள்.

முருங்கை, கேரட், பீன்ஸ், சின்ன வெங்காயத்தைத் தனியே முக்கால் பதம் வேகவைத்த பிறகே புளிக்கரைசல் (சின்ன எலுமிச்சை அளவு), உப்பு சேருங்கள். பச்சை வாசனை போனதும், மல்லி 1 டேபிள்ஸ்பூன், கடலைப்பருப்பு 2 டீஸ்பூன், வரமிளகாய் 4, வெந்தயம் கால் டீஸ்பூன் ஆகியவற்றை எண்ணெயில்லாமல் வறுத்து அரைத்த பொடியைத் தூவி, குழைந்த சாதத்தில் கலக்குங்கள். வெந்தயம் கருகினால் எல்லாமே கசக்கும். வறுக்கும்போது அதைக் கடைசியில் போடுங்கள்.

ஒரு டீஸ்பூன் எண்ணெயில் கடுகு, பெருங்காயம், கறிவேப்பிலை தாளித்துக் கொட்டுங்கள். ஒரு டீஸ்பூன் நெய்யை அடுப்பை அணைத்தபின் மேலாக விட்டால் மணம் அப்படியே நிற்கும். ஆறினால் இறுகும் என்பதால் தளரவே இறக்குங்கள். தொட்டுக்கொள்ள, சுட்ட அப்பளம்.